ஜெர்மனியில் முதல் ஆண்டு: தபால் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

ஜெர்மனிக்குக் குடிபெயர்பவர்கள் மொழியை நினைத்தே அஞ்சுகிறார்கள். ஆனால் முதல் மாதத்தில் அவர்களை அலைக்கழிப்பது பெரும்பாலும் முகவரிதான். வீட்டில் குடியேறிய 2 வாரத்திற்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். 'அன்மெல்டுங்' எனப்படும் இந்தப் பதிவுக்கு, நீங்கள் அங்கே குடியிருப்பதை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையொப்பமிட்ட கடிதம் தேவை. அதைத் தர மறுப்பவரின் வீட்டை, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், எடுக்காதீர்கள்.

பதிவு முடிந்ததும் வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கி அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்தே கடிதம் போடுவார்கள். நான் என் பெயரை மட்டும் ஒட்டியிருந்தேன். கடிதங்களோ கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருந்த அப்பாவின் பெயருக்கு வந்து, அப்படியே திரும்பிப் போயின. ஆகவே இரண்டு பெயர்களையும் ஒட்டுங்கள். மருத்துவமனையில் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைக்கும்போது எழுந்து நிற்க எனக்கு இன்றும் ஒரு நொடி பிடிக்கிறது.

அலுவலகத்தில் ஆங்கிலமே போதும் என்று மொழியைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக்காரரும் பள்ளி ஆசிரியையும் ஜெர்மனில்தான் எழுதுவார்கள். அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு, பொதுவாக 600 மணி நேர மொழிப் பாடமும் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை பற்றிய 100 மணி நேரப் பாடமும் கொண்டது. 'டு', 'ஸீ' என்ற வேறுபாடு ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்குக் குழப்பம். நீ, நீங்கள் என்று வளர்ந்த நமக்கு அது பாதி தெரிந்ததே. மூத்தவர் தாமாக 'டு' போதும் என்று சொல்லும்வரை 'ஸீ' என்றே பேசுங்கள்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலும், ஞாயிறு முழுவதும் அமைதி காக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. எனவே தோசைக்கு மாவை சனிக்கிழமையே அரைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டார் கதவில் கண்டிப்பான சீட்டு ஒட்டினால் அதை வெறுப்பாக எடுத்துக்கொள்ளாமல் நேரில் போய்ப் பேசுங்கள். ஆனால் பெயரையோ நிறத்தையோ பார்த்து வீடு மறுக்கப்பட்டால், அதைப் பண்பாட்டு வேறுபாடு என்று விழுங்க வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டின் சமநடத்தைச் சட்டத்தின்படி இழப்பீடு கோருவதென்றால் பொதுவாக 2 மாதத்திற்குள் கோர வேண்டும். கூட்டாட்சி அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை தரும்.

ஈழத் தமிழர் ஹம் நகரில் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு அவசியம் போங்கள். நம் மக்களிடம் கிடைக்கும் ஆறுதல் வேறெங்கும் கிடைக்காது. அதோடு உங்கள் ஊரின் விளையாட்டுச் சங்கம் ஒன்றிலும் சேருங்கள். முதல் சில வாரங்கள் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க நின்றால், பேச்சு அங்கேதான் தொடங்கும்.