முகட்டில் நடக்கும்போது இடி மின்னல் வந்தால் என்ன செய்வது

நாள்கணக்கில் முதுகுப்பையோடு நடப்பவர்களுக்கு மழை ஒரு பெரிய விஷயமில்லை, நனைந்தால் காயவைத்துக்கொள்ளலாம். மின்னல் அப்படியில்லை. திறந்த முகட்டில் இடி மின்னலில் மாட்டிக்கொண்டால் அங்கே பாதுகாப்பான இடம் என்று எதுவும் கிடையாது. ஆபத்து கொஞ்சம் குறைவான இடம், கொஞ்சம் அதிகமான இடம், அவ்வளவுதான். அதனால் முக்கால்வாசி வேலையை முதல் இடி கேட்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

கோடையில் மலைகளில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி ஈரக்காற்று மேலே எழும்புகிறது, சரிவுகள் அதை இன்னும் தூக்கிவிடுகின்றன. ஆகவே அன்றைய பாதையில் உயரமான முகடோ கணவாயோ இருந்தால் விடியும் முன்பே கிளம்பி, உச்சிவேளைக்குள் அதைத் தாண்டி, காடு தொடங்கும் உயரத்துக்கு இறங்கிவிடுகிற மாதிரி திட்டம் போடுங்கள். முந்தின இரவே வரைபடத்தைப் பார்த்து, முகட்டிலிருந்து எந்தெந்த இடத்தில் பக்கவாட்டில் இறங்க முடியும் என்று குறித்து வையுங்கள். கொட்டும் மழையில் வரைபடத்தை விரித்து வழி தேடுவது நடக்கிற காரியமில்லை.

நடக்கும்போது அடிக்கடி வானத்தைப் பாருங்கள். மேகங்கள் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடந்தால் பரவாயில்லை. அவை அகலத்தைவிட உயரமாக வளர்ந்து, மேல்விளிம்பு காலிஃபிளவர் மாதிரி முண்டு முண்டாகப் பொங்க ஆரம்பித்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் நாம் எங்கே இருப்போம் என்று அப்போதே கணக்குப் போட வேண்டும். உச்சி தட்டையாகி ஒரு பக்கமாக இழுபட்டு, அடிப்பக்கம் கறுத்துவிட்டால் அது முழு இடிமேகம். அதுவரை புழுங்கிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று சில்லென்ற காற்று முகத்தில் அடித்தால், மேகத்திலிருந்து கீழே இறங்கிப் பரவும் குளிர்காற்று உங்களிடம் வந்துவிட்டது என்று அர்த்தம். மழைக்கு இன்னும் சில நிமிடங்கள்தான் இருக்கும்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடிகளை எண்ணுவது நல்ல பழக்கம். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 நொடி ஆகும், ஆக 30 நொடி என்றால் 10 கிலோமீட்டர். கேட்கத் தூரமாகத் தெரியும், ஆனால் மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழும். எனவே இடி காதில் கேட்டாலே நீங்கள் அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள். எண்ணிக்கை குறைகிறதா கூடுகிறதா என்பதையும் கவனியுங்கள், குறைந்தால் அது உங்களை நோக்கி வருகிறது.

நெடுந்தூரம் நடப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். “இன்னும் 2 கிலோமீட்டர்தானே, ஒரே மூச்சில் தாண்டிடலாம்” என்று தோன்றும். இன்று இத்தனை தூரம் போகாவிட்டால் கையிலிருக்கும் சாப்பாடு பற்றாது, பஸ்ஸைப் பிடிக்க முடியாது என்று மனசு காரணம் அடுக்கும். தயவுசெய்து இறங்கிவிடுங்கள். அரை நாள் போனால் பரவாயில்லை, ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டால் பரவாயில்லை.

சரி, எங்கே இறங்குவது? ஒரே அளவு உயரமுள்ள மரங்கள் நிறைந்த காட்டுக்குள் போவது நல்லது. அங்கேயும் மற்றவற்றைவிட ஓங்கி நிற்கும் மரத்தை விட்டு விலகி, எந்த மரத்திலும் சாயாமல் இருங்கள். வெட்டவெளியில் தனியாக நிற்கும் மரத்தடி வேண்டவே வேண்டாம். மின்னலில் அடிபடுபவர்களில் பெரும்பாலோர் மேல் அது நேராக விழுவதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்து தரை வழியாகப் பரவும் மின்சாரம்தான் தாக்குகிறது, ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்குகிறது. மழைக்கு ஒதுங்கத் தோதாகத் தெரியும் பாறை இடுக்கும் ஆழமில்லாத குகையும் இதே காரணத்தால்தான் ஆபத்து: பாறையில் இறங்கும் மின்சாரம் கூரைக்கும் தரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தாவும், அங்கே நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். கூடாரமும் மின்னலைத் தடுக்காது.

உலோகம் மின்னலை இழுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மின்னல் எங்கே விழும் என்பதை உயரமும் தனித்து நிற்பதும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. ஊன்றுகோல்களைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்காதபடி பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் பாறையில் பதித்த இரும்புக் கம்பி, சங்கிலி, ஏணி, கம்பிவேலி இவற்றைத் தொடாதீர்கள், எங்கோ தூரத்தில் விழுந்த மின்னலையும் அவை உங்கள் கைக்குக் கொண்டுவந்துவிடும்.

கூட்டமாகப் போனால் ஒருவருக்கொருவர் 15 மீட்டராவது இடைவெளி விட்டு, பார்வையில் படும்படி இருங்கள். பயத்தில் ஒட்டிக்கொள்ளத்தான் தோன்றும், ஆனால் எல்லோரும் ஒன்றாக விழுந்தால் உதவ ஆளிருக்காது.

தலைமுடி சிலிர்த்து எழுந்தாலோ, ஊன்றுகோல் ரீங்கரித்தாலோ, அந்த இடத்தில் மின்னல் விழ நொடிகள்தான் இருக்கின்றன. நகர முடிந்தால் உடனே அங்கிருந்து கீழ்ப்பக்கமாக நகருங்கள். முடியவே முடியாது என்றால் மட்டும் இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்துக் குந்தி, தலையைக் குனிந்து காதைப் பொத்துங்கள். ஒருபோதும் படுக்கக் கூடாது. தரையில் நீளமாகக் கிடந்தால் தரையில் பரவும் மின்சாரத்துக்கு உடம்பே வழியாகிவிடும். குந்துவதால் ஆபத்து கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இறங்க வழியிருக்கும்போது குந்திக்கொண்டிருக்க வேண்டாம்.

யாராவது அடிபட்டு விழுந்தால் தயங்காமல் தொடுங்கள், அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சில்லாமல் கிடப்பவரை முதலில் கவனியுங்கள். முனகுகிறவரும் அசைகிறவரும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். மின்னல் தாக்கியதில் இதயம் நின்று தானாகவே மறுபடி துடிக்கலாம், ஆனால் மூச்சு திரும்ப நேரமாகும், அந்த இடைவெளியில் இதயம் மறுபடி நின்றுவிடலாம். அதனால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சின் நடுவே 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள், பழகியவர் என்றால் 30 அழுத்தலுக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். கிளம்பும் முன் குழுவில் எல்லோரும் இதைக் கற்றுக்கொண்டு போவது ரொம்பவே முக்கியம்.

கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை முகட்டுக்குத் திரும்ப ஏறாதீர்கள். நடுவில் ஒரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். அந்த அரை மணி நேரத்தில் குளிர் உள்ளே இறங்கும். நனைந்த பருத்தித் துணியோடு காற்றில் உட்கார்ந்திருந்தால் கோடையிலும் உடல் சூடு அபாயகரமாகக் குறையலாம். கூட வருபவருக்குப் பேச்சு குழறினால், நடை தடுமாறினால், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல் திணறினால், உடனே ஈரத்துணியைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் விடுங்கள், இனிப்பாக ஏதாவது கொடுங்கள். இதற்காகவே ஒரு ஜோடி துணியும் ஸ்லீப்பிங் பேக்கும் தண்ணீர் புகாத பையில் இருக்க வேண்டும், முதுகுப்பைக்கு மேலே போடும் உறையை மட்டும் நம்ப முடியாது.

அப்புறம் ஓடைகள். காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் மாலையில் இடுப்பளவு கலங்கலாக வரும், உங்கள் தலைமேல் மழையே பெய்யாவிட்டாலும் மேலே எங்கோ பெய்திருக்கும். நிறம் மாறியிருந்தால், உள்ளே கல் உருளும் சத்தம் கேட்டால் கடக்காதீர்கள். சின்ன ஓடைகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும், கரையிலிருந்து தள்ளி மேடான இடத்தில் கூடாரம் போட்டுக் காலையில் பாருங்கள்.