தாலுகா அலுவலகத்தில் கோடைப் பயிற்சி: போவதற்கு முன் வீட்டுப் பட்டாவை எடுத்துப் படியுங்கள்

போன கோடையில் ஆறு வாரம், எங்கள் மாவட்டத்துத் தாலுகா அலுவலகம் ஒன்றில் பயிற்சிக்குப் போனேன். பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த அடுத்த திங்கட்கிழமையே சேர்ந்துவிட்டேன். இந்த வருடம் எங்கள் துறையிலிருந்து நான்கு பேர் போகிறார்கள். "என்ன படிச்சுட்டுப் போகணும்க்கா?" என்று கேட்டார்கள். முதலில் உங்கள் வீட்டுப் பட்டாவைப் படியுங்கள் என்றேன்.

எங்கள் வீட்டில் அது தகரப் பெட்டிக்குள், தாத்தாவின் இறப்புச் சான்றிதழுக்கு அடியில் கிடந்தது. நமக்கு ஒரு ஏக்கர் மானாவாரி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பட்டாவில் பரப்பு என்ற இடத்தில் 0 - 40.50 என்று இருந்தது. முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். 100 ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். 40.50-ஐ 2.47-ஆல் பெருக்கிப் பாருங்கள், நூறு சென்ட் வரும். அதுதான் ஒரு ஏக்கர். மனு கொடுக்க வருகிறவர்கள் சென்ட்டில் பேசுவார்கள், காகிதம் ஏரில் பேசும். இந்தக் கணக்கு கைவந்துவிட்டால் முதல் நாளே யாராவது ஒருவருக்கு உங்களால் உதவ முடியும்.

அப்புறம் பெயரைப் பாருங்கள். எங்கள் பட்டாவில் இன்னும் தாத்தா பெயர்தான். அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு உழுகிறார்கள். ஆளுக்கொரு தனிப்பட்டா வேண்டுமென்றால் நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். 112/3 என்ற புல எண் (சர்வே எண்) 112/3ஏ, 112/3பி என்று பிரியும். இதை வீட்டிலேயே அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனேன். அங்கே நான் பார்த்த மனுக்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

நிலம் இல்லாத வீடா? உங்கள் சாதிச் சான்றிதழை எடுங்கள். கீழே யார் கையெழுத்து போட்டிருக்கிறார் என்று பாருங்கள். ஆதிதிராவிடருக்குத் தாசில்தார் தருகிறார். பழங்குடியினருக்கு அவருக்கும் மேலே உள்ள வருவாய்க் கோட்டாட்சியர் தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர் என்று ஒரு மனு ஏறிப்போகும் படிக்கட்டு இந்த ஒரு காகிதத்திலேயே புரிந்துவிடும். கிராம நிர்வாக அலுவலருக்கு முன்பு அந்த இடத்தில் பரம்பரையாகக் கணக்கு எழுதிய கர்ணமும், ஊர்த் தலைவராக இருந்த கிராம முன்சீப்பும் இருந்தார்கள், 1980-இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்தக் காலத்தைப் பற்றிக் கேளுங்கள். என் பாட்டி ஒரு மாலை முழுக்கச் சொன்னார்.

பயிற்சிக்கு அனுமதி கேட்கும் கடிதத்தை மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள். கல்லூரி முதல்வர் கையெழுத்துடன் மாவட்ட ஆட்சியருக்கு எழுதியது, இரண்டு நகல். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சில நாள் கழித்துப் போய் ந.க. எண்ணை, அதாவது உங்கள் கடிதத்துக்கு அலுவலகம் போட்ட கோப்பு எண்ணைக் கேளுங்கள். எண்ணின் கடைசியில் அ3 என்பது போல ஒன்று இருக்கும். அது உங்கள் கோப்பு எந்தப் பிரிவில், எந்த இருக்கையில் இருக்கிறது என்று சொல்வது. எண் இல்லாமல் "என் லெட்டர் என்ன ஆச்சு சார்?" என்று கேட்டால் யாராலும் தேடித் தர முடியாது.

மே, ஜூனில் போகிறவர்களுக்கு ஜமாபந்தி, அதாவது வருடாந்தரக் கிராமக் கணக்குத் தணிக்கை பார்க்கக் கிடைக்கும். அதற்காகவே கோடையில் போகலாம் என்பேன். வருவாய்த் துறையின் ஆண்டு பசலி ஆண்டு. ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. தொடங்கும் ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் போதும். ஜமாபந்திப் பந்தலில் அந்தப் பசலிக்கான கிராமக் கணக்குகளை மேலதிகாரி உட்கார்ந்து சரிபார்ப்பார். அதே பந்தலில் மக்களிடம் மனுவும் வாங்குவார்கள். அடங்கல் என்பது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு. அதில் பயிர் எப்படிப் பதிவாகிறது என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் கணக்கைப் புரட்டும்போது உங்களுக்கும் புரியும்.

அந்தப் பந்தலில்தான் நான் ஒரு தவறு செய்தேன். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தரச் சொல்லி ஒரு பாட்டி வந்தார். எழுதிக் கொடுத்தேன். "எப்ப சாமி வரும்?" என்றார். அவரைத் தேற்ற நினைத்து, அடுத்த வாரம் தெரிந்துவிடும் பாட்டி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் இரண்டு பஸ் மாறி என்னைத் தேடி வந்தார். அப்போது மனு விசாரணைக்கே போயிருக்கவில்லை. அவர் திரும்பிப் போக பஸ் இருந்ததா என்றுகூட அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. பயிற்சிக்குப் போகிறவர் யாருக்கும் தேதி சொல்லக் கூடாது. மனு எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள், யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள், வீட்டில் போன் வைத்திருப்பவர் யார் என்று கேளுங்கள்.

மனுக்களைப் போனில் படம் எடுக்காதீர்கள். ஆதார் எண், கைரேகை எல்லாம் அதில் இருக்கும். உங்கள் நோட்டில் ஊரும் பிரச்சினையும் மட்டும் போதும், பெயர் வேண்டாம்.

தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு பழகிக்கொள்ளுங்கள். தினம் அரை மணி, இரண்டு வாரத்தில் வந்துவிடும். பழைய கோப்புகள் சில, யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் இருக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றக் கற்றுக்கொண்டால் அலுவலகத்தில் உங்களைத் தேடி வருவார்கள். மற்றபடி பருத்தித் துணி, தண்ணீர் பாட்டில், மதியச் சாப்பாடு.

பயிற்சிச் சான்றிதழுக்குக் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். ஜமாபந்தி நெரிசலில் யாருக்கும் நேரம் இருக்காது. கல்லூரி கேட்கும் வடிவத்தில் நீங்களே வரைவு தயார் செய்து ஒரு வாரம் முன்பே கொடுங்கள். கைக்கு வந்ததும் தேதி, மொத்த மணி நேரம், அலுவலக முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். எனக்கு முத்திரை விடுபட்டு, அதற்காகவே மறுபடி பஸ் ஏறிப் போனேன்.