டயர் பாலிஷ்: எதை வாங்குவது, எப்படிப் பூசுவது

டயர் பாலிஷ் போட்ட மறுநாளே சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடிப்பகுதியில் கறுப்புப் பொட்டுகள் தெறித்துக் கிடக்கின்றனவா? வேறு பிராண்டைத் தேடி ஓடாதீர்கள். அநேகமாகக் கோளாறு பாட்டிலில் இல்லை. டயரைச் சரியாகத் தேய்த்துக் கழுவாமல் பூசியிருப்பீர்கள், அல்லது பாலிஷை அள்ளி அப்பியிருப்பீர்கள். இந்த வேலையில் முக்கால் பங்கு கழுவுவதுதான். பாலிஷ் கடைசியில் இழுக்கும் ஒரு மெல்லிய பூச்சு மட்டுமே.

முதலில் எதை வாங்குவது என்று பார்ப்போம். கடையில் இருப்பவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பால் மாதிரி வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. சிலிகான் எண்ணெய் நுண்துளிகளாகத் தண்ணீரில் கலந்திருக்கும். காய்ந்தபின் தொட்டால் கையில் அவ்வளவாக ஒட்டாது, புது டயரின் மங்கலான கறுப்பைத் தரும். தெளிவாக, எண்ணெய் போல, பெட்ரோல் வாடையோடு இருப்பது கரைப்பான் வகை. பளபளப்பு அதிகம், மழைக்கும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பிசுபிசுப்பு போகாது, தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும், தெறிப்பதும் இதில்தான் அதிகம். தினமும் ஓடும் காருக்குத் தண்ணீர் வகைதான் எங்கள் தேர்வு. ஸ்பிரே கேனைவிடக் கெட்டியான ஜெல் நல்லது. ஸ்பிரே அடித்தால் ரிம்மின் இடைவெளி வழியாகப் பிரேக் டிஸ்க் வரை போய் விழும். டிஸ்க்கில் எண்ணெய்ப் பசை பட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. ஸ்பிரேதான் கையில் இருக்கிறது என்றால் பஞ்சில் அடித்துப் பிறகு டயரில் தடவுங்கள். மண்ணெண்ணெய், டீசல், பழைய எஞ்சின் ஆயில் எதுவும் வேண்டாம். அன்றைக்குக் கறுப்பாகத் தெரியும், ஆனால் ரப்பர் அந்த எண்ணெயைக் குடித்து ஊறி, மெல்ல மெல்லக் கெட்டுப்போகும்.

டயர் ஏன் பழுப்பாகிறது என்று தெரிந்தால் கழுவும் முறை தானாகப் புரியும். காற்றிலுள்ள ஓசோன் பட்டு ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்க, தயாரிக்கும்போதே சில பாதுகாப்பு ரசாயனங்களையும் மெழுகையும் சேர்க்கிறார்கள். டயர் ஓடி வளைந்து நெளியும்போது இவை கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்குக் கசிந்து வரும். காற்றோடு சேர்ந்ததும் பழுப்பாகும். ஆகவே அந்த நிறம் வெறும் அழுக்கு இல்லை. டயர் தன்னைக் காத்துக்கொள்வதன் அடையாளம். ஆனால் அதன்மேல் பூசினால் பாலிஷ் ரப்பரைப் பிடிக்காது, அந்தப் பழுப்புப் படலத்தைத்தான் பிடிக்கும்.

டயர் ஆறியிருக்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டிலோ வெயிலிலோ தொடங்கினால் சோப்பு நீர் தேய்ப்பதற்குள் காய்ந்து கறையாகும். பாடியைக் கழுவும் முன்பே டயரை முடித்துவிடுங்கள். தேய்க்கும்போது தெறிக்கும் அழுக்கு பிறகு பாடியோடு சேர்த்துப் போய்விடும். எல்லா இடத்துக்குமான கிளீனர் ஒரு பங்குக்குத் தண்ணீர் நாலு பங்கு போதும். பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே டயர். நனைத்து, கிளீனர் அடித்து, அரை நிமிடம் விட்டு, விறைப்பான நைலான் பிரஷ்ஷால் வட்டமாகத் தேயுங்கள். முதல் முறை நுரை நல்ல பழுப்பாக வரும். அலசிவிட்டு மறுபடி தேயுங்கள். நுரை வெள்ளையாக வரும்வரை இதைத் தொடர வேண்டும்; நெடுநாள் கவனிக்காத டயருக்கு மூன்று, நான்கு முறைகூட ஆகும். பிரஷ்ஷின் பிடியிலும் வித்தியாசம் தெரியும்: பழைய பாலிஷ் மிச்சமிருக்கும் இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும், சுத்தமான ரப்பரில் இழுத்துப் பிடிக்கும்.

பிறகு நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். எழுத்துகளின் ஓரத்திலும் ரிம் சேரும் இடத்திலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். ஈரத்தோடு பூசினால் பாலிஷ் நீர்த்து, திட்டுத்திட்டாகக் காயும்.

ஒரு டயருக்கு 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன், தாராளம். பஞ்சில் ஊற்றி, டயரின் பக்கவாட்டில் மட்டும், காற்று அடைக்கும் வால்வுக்கு நேராகத் தொடங்கி ஒரே திசையில் சுற்றி வாருங்கள். எங்கே தொடங்கினோம் என்ற குழப்பம் வராது. எழுத்துகளுக்குள் சின்ன பிரஷ்ஷால் தொட்டு விடலாம். பக்கவாட்டில் தரையை ஒட்டி அழுந்தி நிற்கும் பகுதிக்கு, சக்கரம் அரைச் சுற்று சுற்றும் அளவுக்குக் காரை நகர்த்திப் பூசுங்கள். 10 முதல் 15 நிமிடம் கழித்து, உலர்ந்த துணியால் ஒருமுறை அழுத்தித் துடைக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ரப்பர் பிடிக்காமல் மேலே நின்ற மிச்சம்தான், சக்கரம் வேகமாகச் சுழலும்போது பிய்த்துக்கொண்டு பாடியில் போய் அடிக்கிறது. பளபளப்பு போதவில்லை என்றால் முதல் பூச்சு காய்ந்தபின் இரண்டாவது மெல்லிய பூச்சு கொடுங்கள். முடித்ததும் ஒரு மணி நேரமாவது வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது.

சாலையைத் தொடும் பட்டன் பகுதியில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, வழுக்கும். இருசக்கர வாகனத்தின் டயருக்கு இந்த வேலையே வேண்டாம். வளைவில் வண்டி சாயும்போது டயரின் ஓரம்தான் சாலையைப் பிடிக்கிறது. பஞ்சையும் துணியையும் தனியாக வையுங்கள். அதே துணி முன்கண்ணாடியில் பட்டால் மழையில் வைப்பர் ஓடும்போது கண்ணாடி மங்கும்.

கழுவி முடித்து, பாலிஷை எடுப்பதற்கு முன், வெறும் டயரை வெளிச்சத்தில் ஒரு சுற்று பாருங்கள். பூசிவிட்டால் மெல்லிய வெடிப்புகள் மறைந்துவிடும். மறையுமே தவிர ஆறாது. டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி: 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வெடிப்பு நகம் மாட்டும் ஆழத்துக்குப் போயிருந்தால் டயர் கடையில் காட்டுங்கள். எங்காவது கொப்புளம் போல உப்பியிருந்தால் பெரும்பாலும் உள்ளே நூலிழை அறுந்திருக்கிறது. அந்த டயருக்குப் பாலிஷ் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.