பிரைமோர்டியலின் 'தி கேதரிங் வில்டர்னஸ்': பிளாக் மெட்டலுக்குப் புதியவர்கள் கேட்கும் முறை

அயர்லாந்தின் பிரைமோர்டியல் குழு 2005-இல் வெளியிட்ட ஐந்தாவது ஆல்பம் இது. பாடல்கள் ஏழு, நேரம் ஏறக்குறைய ஒரு மணி. பிளாக் மெட்டலில் (கீச்சுக்குரலும் இரைச்சலான கிட்டாரும் கொண்ட கடுமையான ராக் வகை) எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கெல்லாம் இதையே சொல்கிறேன். ஆனால் நேராக முதல் பாடலைப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். இந்த ஆல்பத்துக்குள் நுழைய வேறொரு வாசல் இருக்கிறது.

படி 1: ஒலியைச் சரிசெய்யுங்கள்

கம்பி வைத்த, காதை முழுவதும் மூடும் ஹெட்போன் போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பாஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள். இந்த ஆல்பத்தில் கிட்டார்களின் உயிர் நடு அலைவரிசைகளில் இருக்கிறது. அடியொலியை ஏற்றினால் அது அமுங்கிப்போகும். ஷஃபிளையும் அணைத்துவிடுங்கள்.

படி 2: ஐந்தாவது பாடலில் தொடங்குங்கள்

'தி காஃபின் ஷிப்ஸ்' ('சவப்பெட்டிக் கப்பல்கள்'), கிட்டத்தட்டப் பத்து நிமிடம். மெதுவாக நகரும் பாடல் என்பதால் புதிய காதுக்கு இடம் கொடுக்கிறது. பாடகர் நெம்தியாங்கா இந்த வகையில் வழக்கமான கீச்சுக்குரலை இங்கே அதிகம் நாடுவதில்லை. தொண்டை திறந்து, ஒப்பாரிக்கு அருகில் போகும் குரலில் பாடுகிறார்.

கேட்கும் முன் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு கருகல் நோய் தாக்கியது. ஏழைகளின் உணவே அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் பசியாலும் காய்ச்சலாலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஏறத்தாழ அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அந்த ஆண்டுகளிலும் தானியமும் கால்நடைகளும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. மக்களை ஏற்றிச் சென்ற நெரிசலான கப்பல்களில் டைபஸ் என்ற தொற்றுக் காய்ச்சல் பரவியது. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் நதியில் உள்ள குரோஸ் ஈல் தனிமைப்படுத்தல் தீவில் 1847-இல் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டார்கள். இந்தப் பாடல் அவர்களுக்கானது. இதை அறிந்து கேட்கும்போது அந்தக் குரல் ஏன் அப்படி உடைகிறது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

படி 3: நான்கு எண்ணாதீர்கள், ஆறு எண்ணுங்கள்

என்னை நெடுநாள் வெளியே நிறுத்திய இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ராக், திரைப்பாடல் என்று பழகிய காது தானாகவே நான்கு எண்ணும். பிரைமோர்டியலின் பாடல்கள் பெரும்பாலும் ஆறெட்டுத் தாளத்தில், அதாவது சுற்றுக்கு ஆறு எண்ணிக்கையில் ஓடுகின்றன. அயர்லாந்தின் நாட்டார் இசையில் ஊறிய நடை அது. நான்கு எண்ணினால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் கையிலிருந்து நழுவும், பிறகு எல்லாமே இரைச்சலாகக் கேட்கும்.

வாய்விட்டுத் 'தகிட தகிட' என்று சொல்லுங்கள். நம் திஸ்ர நடையேதான். ஒவ்வொரு 'த'வுக்கும் காலால் ஒரு தட்டு. ஸ்னேர் டிரம்மின் (சடாரென ஒலிக்கும் சிறிய டிரம்) அடி பெரும்பாலும் இரண்டாவது 'த'வில் விழும்; அதைப் பிடித்துவிட்டால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள். கிட்டாரைப் பின்பற்றித் தாளம் தேடாதீர்கள். ஒரே சுரத்தை இடைவிடாமல் மீட்டும் முறை இந்த வகையில் மிகப் பரவலானது. காதுக்கு அது நீண்ட ஒற்றைக் கோடாகத்தான் வந்து சேரும். வழிகாட்டி டிரம் மட்டுமே. தாளம் உடலில் ஏறிய பிறகு கிட்டாருக்கு வாருங்கள். அந்தக் கோட்டுக்குள் ஒரு மெட்டு மெல்ல ஏறி இறங்குவது அப்போதுதான் தெரியும்.

படி 4: முழு ஆல்பம்

இப்போது 'தி கோல்டன் ஸ்பைரல்' முதல் வரிசையாகக் கேளுங்கள். தயாரிப்பாளர் பில்லி ஆண்டர்சன். ஒலி கரடுமுரடாக இருக்கிறது என்று குறைப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கரடுதான் இந்த ஆல்பத்தின் மண். மெருகேற்றியிருந்தால் பாதி வலி போயிருக்கும்.

பின்சேர்க்கை

தாளம் நடுவில் அறுந்துபோகிறது என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பகுதி மாறும் இடங்களில் அது நடக்கும். விரட்டிப் பிடிக்க வேண்டாம். எண்ணுவதை நிறுத்திவிட்டு அடுத்த ஸ்னேர் அடியில் மீண்டும் சேர்ந்துகொள்ளுங்கள்.

ஃபோன் ஸ்பீக்கரில் டிரம்மே கேட்கவில்லை என்றார் ஒருவர். காலால் இயக்கும் பெரிய கிக் டிரம்மின் அடியொலியை அந்தச் சிறிய ஸ்பீக்கரால் தர முடியாது. மூன்றாவது படிக்கு ஹெட்போன் கட்டாயம்.

அடுத்து எதைக் கேட்பது என்றால், இதே குழுவின் 2007 ஆல்பமான 'டு தி நேம்லெஸ் டெட்'. இன்னும் கடுமையானது வேண்டுமென்றால் கார்க் நகரத்து ஆல்டர் ஆஃப் பிளேக்ஸ் குழுவின் 'வைட் டூம்', 2009-இல் வந்தது. அங்கே இந்தத் தகிட உங்களுக்கு அவ்வளவாக உதவாது.