வெவ்வேறு பிராண்டு, ஒரே குரல்: அக்குஸ்டிக் கிட்டார் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் ஒரு மார்ட்டின், அடுத்து ஒரு யமஹா, அதற்கடுத்து ஒரு டகாமைன். மூன்றையும் வரிசையாக மாட்டிவிட்டு வாசித்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. கிட்டார் சேர்க்கத் தொடங்குபவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பெயர்கள் மாறிக்கொண்டே போகும், குரல் மாறவே மாறாது.

கடையில் தொங்கும் ஸ்டீல் கம்பி கிட்டார்களில் பெரும்பாலானவை டிரெட்நாட் என்ற பெரிய, அகன்ற உடம்பு வடிவம் என்பதுதான் காரணம். 1916இல் டிட்சன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக மார்ட்டின் செய்து கொடுத்த வடிவம் அது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயரை வைத்தார்கள். 1931இல் மார்ட்டின் தன் சொந்தப் பெயரிலேயே அதை விற்க ஆரம்பித்தது; பிறகு உலகமே அதைப் பார்த்துச் செய்தது. ஸ்ப்ரூஸ் மரத்தில் டாப் (முன்பலகை), ரோஸ்வுட் பின்பலகை, 25.4 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) என்று மூன்று கம்பெனிகளும் ஒரே வழியில் போனால் குரலில் பெரிய வித்தியாசம் எங்கிருந்து வரும்?

அடுத்த கிட்டாரைத் தேடும்போது உடம்பின் அளவு, மரம், ஸ்கேல் நீளம், டாப்புக்கு உள்ளே ஒட்டியிருக்கும் பிரேசிங் (தாங்கு குச்சிகள்), இந்த நான்கையும் பாருங்கள். கையில் மார்ட்டினின் ரோஸ்வுட் டிரெட்நாட்டான டி-28 இருந்தால் அதற்கு நல்ல துணை கிப்சன் ஜே-45. 1942இல் வந்த மாடல். சரிந்த தோள், மஹாகனி உடம்பு, 24.75 அங்குல ஸ்கேல். ஸ்கேல் குட்டையாக இருப்பதால் கம்பி விரலுக்கு இளக்கமாக இருக்கும். நாதம் சீக்கிரம் அடங்கிவிடுவதால் பாடுபவரின் குரலை அமுக்காது. விரலால் மீட்டும் ஆசை இருந்தால் சீடர் டாப் போட்ட ஒன்று வேண்டும். கனடாவின் சீகல் எஸ்6 அதற்குப் பேர்போனது, விலையும் எட்டும். இப்படிச் சேர்த்த மூன்று கிட்டார் ஒரே வடிவத்தில் உள்ள பத்துக்குச் சமம் என்பேன்.

ஒரு பிராண்டு என்றால் ஒரே தரம் என்று நம்புவதும் தவறு. யமஹா எஃப்310இல் கைபழகியவர்கள் நம் ஊரில் ஏராளம். அதன் டாப் பிளை, அதாவது மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்தது. அதே யமஹாவின் எல் வரிசையில் முழுப் பலகைக் கிட்டார்கள் இருக்கின்றன. மார்ட்டினின் எக்ஸ் வரிசை மெக்சிகோவில் தயாராகிறது. உடம்பு பெரும்பாலும் காகிதத்தையும் ரெசினையும் அழுத்திச் செய்த தகடு. அது மோசம் என்று சொல்லவில்லை, ஈரத்துக்கு அசையாது. டி-28இன் நாதத்தை அதனிடம் எதிர்பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

டாப் முழுப் பலகையா பிளையா என்று தெரிய, சவுண்ட்ஹோல் (டாப்பில் உள்ள வட்டத் துளை) விளிம்பில் டார்ச் அடியுங்கள். மேலே ஓடும் இழைக்கோடுகள் விளிம்பில் மடங்கி அப்படியே கீழே இறங்கினால் முழுப் பலகை. நடுவில் வேறு நிறத்தில் ஒரு அடுக்கு குறுக்கே ஓடினால் பிளை. விற்பவர் என்ன சொன்னாலும் அந்த மெல்லிய விளிம்பு பொய் சொல்லாது.

பழைய கிட்டார் வாங்குபவர்கள் பெரும்பணத்தை இழப்பது நெக் (கழுத்து) உடம்போடு சேரும் கோணத்தில். சாதாரண லைட் கேஜ் கம்பிகள் ஆறும் சேர்ந்து கிட்டாரை ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுக்கின்றன. இருபது முப்பது வருடம் அப்படி இழுத்தால் நெக் சற்றே மேலே எழும்பும், டாப் பிரிட்ஜுக்கு (கம்பிகள் மாட்டியிருக்கும் கட்டைக்கு) பின்னால் வீங்கும், கம்பி உயர்ந்து வாசிக்கக் கஷ்டமாகும். சொந்தக்காரர் சாடிலை (பிரிட்ஜின் மேல் கம்பிகள் தங்கும் மெல்லிய பட்டையை) தேய்த்து இறக்குவார். மறுபடி உயரும், மறுபடி தேய்ப்பார். கடைசியில் தேய்க்கச் சாடிலே மிஞ்சாதபோது கிட்டார் விற்பனைக்கு வரும். அதனால் முதலில் சாடிலைப் பாருங்கள். பிரிட்ஜுக்கு மேல் மூன்று மில்லிமீட்டராவது நீட்டிக்கொண்டிருந்தால் நல்லது. பிறகு ஒரு நீள ஸ்டீல் ஸ்கேலை ஃபிரெட்டுகளின் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளின்) மேல் படுக்க வைத்துப் பிரிட்ஜ் பக்கமாக நகர்த்துங்கள். நுனி பிரிட்ஜின் மேல்பரப்பை ஒட்டிப் போனால் வாங்கலாம். பிரிட்ஜின் முகத்தில் கீழே போய் இடித்தால் நெக்கைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். மார்ட்டின், கிப்சன் போன்றவற்றில் நெக் பசை போட்டு ஒட்டியது. ஆவி செலுத்திப் பிரித்து, அடியைச் சீவி, திரும்ப ஒட்ட வேண்டும். அதை நம்பிக் கொடுக்கக்கூடிய ரிப்பேர்காரர்கள் நம் பக்கம் மிகக் குறைவு. டெய்லர் என்ற அமெரிக்கக் கம்பெனி 1999இல் கொண்டுவந்த நெக் போல்ட்டில் நிற்கிறது, கோணத்தைச் சின்னத் தகடு மாற்றியே திருத்திவிடலாம். பிராண்டுகளுக்கு இடையே உண்மையாகவே கணக்கில் எடுக்க வேண்டிய வித்தியாசம் இது.

இன்னொன்று: மார்ட்டின் நெக்குக்குள் திருகிச் சரிசெய்யும் ராடு 1985இல்தான் வந்தது. அதற்கு முந்தையதை வாங்கினால் நெக் வளைவைச் சாவியால் திருத்த முடியாது.

பழையது எல்லாமே உயர்ந்தது என்ற எண்ணம் தனியாக ஒரு தவறு. 1944 இறுதிவரை மார்ட்டின் செய்தவற்றில் பிரேசிங் உள்ளே குடைந்து மெலிவாக இருக்கும். அவற்றுக்கு இருக்கும் மதிப்பு நியாயமானது. ஆனால் 1960களின் கிப்சன்களில் பல, பிளாஸ்டிக் பிரிட்ஜோடும் திருகி உயர்த்தும் சாடிலோடும் வந்தவை. 1970களில் அதே கம்பெனி இரட்டை எக்ஸ் பிரேசிங் போட்டு டாப்பைக் கட்டிப்போட்டது. அந்தக் காலத்தில் வந்த நல்ல கிட்டார்களும் உண்டு. வாசித்துக் கேட்டு எடுங்கள், வருடத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். வருடமேகூட எப்போதும் உறுதி இல்லை. மார்ட்டினின் சீரியல் எண்கள் 1898 முதல் வரிசையாகப் போகின்றன. 1960களின் கிப்சன் எண்களோ திரும்பத் திரும்ப வந்தவை, எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

ஜப்பான் கிட்டார்களுக்கு ‘வழக்கு போட்ட காலத்துக் கிட்டார்’ என்று அடைமொழி போட்டு விலை ஏற்றுகிறார்கள். 1977இல் கிப்சனின் தாய் நிறுவனம் போட்ட அந்த வழக்கு, ஐபனேஸ் என்ற ஜப்பான் பிராண்டின் எலெக்ட்ரிக் கிட்டார்களின் தலைவடிவம் சம்பந்தப்பட்டது. அக்குஸ்டிக் கிட்டாருக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிரேசில் ரோஸ்வுட் மோகமும் ஆபத்தானது. 1992இல் அந்த மரம், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்ந்தது. உரிய தாள் இல்லாமல் எல்லை தாண்டினால் கிட்டார் பறிபோகலாம். மற்ற ரோஸ்வுட்டுகளில் செய்த கிட்டார்களுக்கு 2017இல் வந்த கெடுபிடி 2019 நவம்பரில் தளர்ந்துவிட்டது. 1969இல் பிரேசில் மரத்தை விட்டு மார்ட்டின் மாறியது இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரத்துக்கு. அதற்குப் பிறகு வந்த டி-28கள் எல்லாம் அந்த மரத்தின் நாதத்தில்தான் பெயர் எடுத்தன. அதை இரண்டாம் தரம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு ஒப்புதலே இல்லை.

இனி ஈரம். அமெரிக்கக் கம்பெனிகளின் பராமரிப்புக் குறிப்புகள் வறட்சியைப் பற்றியே அதிகம் எச்சரிக்கும். அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்று காய்ந்துபோகும், மரம் சுருங்கி டாப் விரிசல் விடும். அதற்காகச் சவுண்ட்ஹோலில் தொங்கவிடும் ஈரப்பஞ்சு விற்கிறார்கள். சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் அதைப் படித்து அதே பஞ்சை வாங்கிப் போட்டால் கேடுதான். கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். கடலோரக் காற்றில் பெரும்பாலான நாள் 70ஐத் தாண்டுகிறது. நமக்குத் தேவை ஈரத்தை உறிஞ்சுவது.

ஈரம் ஏறிய கிட்டாரைக் கண்டுபிடிப்பது சுலபம். நாதம் மந்தமாகும், கம்பி உயரும், டாப்பைப் பக்கவாட்டில் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தால் பிரிட்ஜுக்குப் பின்னால் மேடு தெரியும். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட ஆரம்பித்துவிட்டது, உடனே கம்பியைத் தளர்த்தி ரிப்பேருக்குக் கொண்டுபோங்கள்.

சுவரில் வரிசையாக மாட்டினால் அழகுதான். மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் குடித்திருக்கும்போது அங்கே மாட்டாதீர்கள், கேஸுக்குள் வையுங்கள். கேஸுக்குள் சிலிகா ஜெல் பையும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போதும். ஜெல்லை அவ்வப்போது காயவைத்துத் திரும்பப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் பை. ராத்திரி முழுக்க ஏசி, பகல் முழுக்கத் திறந்த ஜன்னல் என்று மாறிமாறி இருக்கும் அறை மரத்துக்கு ஆகாது. மதுரை, கோவைப் பக்கம் கோடைப் பகலில் காற்று நன்றாகக் காயும், அங்கே கதை வேறு. மீட்டரைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். மூடிய காரில் வெயிலில் விட்டுப் போவதை எந்த ஊரிலும் செய்யாதீர்கள், பசை இளகிவிடும்.

நைலான் கம்பிக்குச் செய்த கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி போடுவது இன்னும் நடக்கிறது. இழுவிசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

பழைய கிட்டாரை ‘புதுசாக்கும்’ ஆசையையும் அடக்குங்கள். கீறல் விழுந்த பாலிஷைச் சுரண்டி மறுபடி பூசினால் விலை பெருமளவு விழும். பிக்கப் (ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவி) வைக்கப் பக்கவாட்டில் துளை போட்டால் அது திரும்ப மூடாது. கிட்டாரின் அடிமுனையில் ஸ்ட்ராப் மாட்டும் குமிழ் இருக்கும் துளையை மட்டும் பயன்படுத்தும் பிக்கப்புகள் இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள். கம்பியை முறுக்கும் டியூனர் கெட்டுப்போனால் பழைய திருகுகளின் துளையிலேயே உட்காரும் மாற்று டியூனரைப் போடுங்கள். கழற்றியதைத் திருகோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு, சீரியல் எண்ணையும் கழற்றிய தேதியையும் எழுதி, அந்தக் கிட்டாரின் கேஸிலேயே வைத்துவிடுங்கள்.