இரண்டு விண்மீன்களின் காற்று மோதும்போது: ரேடியோ கணக்கில் நாம் சறுக்கும் இடங்கள்

பதர் தூற்ற இரண்டு ஃபேனை எதிரெதிரே வைக்கும் ஆளைக் காவிரிக்கரையில் எங்கும் பார்க்க முடியாது, வைத்தால் பதர் முழுக்க முகத்துக்குத்தான் வரும். நான் வைத்திருக்கிறேன். குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் களத்தில், சம்பா அறுவடை முடிந்த ஒரு தை மாதச் சாயங்காலம், ஒரு பக்கம் பெரிய தூற்றும் ஃபேன், எதிர்ப்பக்கம் வீட்டிலிருந்து தூக்கி வந்த மேஜை ஃபேன். முதுகலை இயற்பியல் படிக்கும் இரண்டு பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு உதவி கேட்டு வந்திருந்தார்கள், அவர்களுக்குக் காட்டத்தான் இந்த ஏற்பாடு. "நெல்லு கெடக்குற கெடப்புல இது என்னடா கூத்து" என்று சித்தப்பா கத்தியதைத் தவிர மற்றதெல்லாம் நல்லபடி நடந்தது. நடுவில் உதறிய பதர் நடுவில் நிற்கவில்லை. மேஜை ஃபேன் பக்கமாகத் தள்ளப்பட்டு, அதைச் சுற்றி வளைந்த சுவர் மாதிரி கொஞ்ச நேரம் மிதந்து, இரண்டு பக்கமும் பின்னால் வழிந்து போனது.

வானத்தில் இதே ஏற்பாடு உண்டு. சூரியனைப் போல் பத்திருபது மடங்கும் அதற்கு மேலும் எடையுள்ள விண்மீன்கள் தங்கள் மேற்பரப்பிலிருந்து நொடிக்கு 1,000 முதல் 3,000 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை ஊதித் தள்ளுகின்றன. இவற்றில் காற்று மிகப் பலமாக வீசும் வுல்ஃப்-ரேயே வகை விண்மீன் ஒன்று ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டில் ஒரு சூரியன் அளவு பொருளையே இப்படி இழந்துவிடும். இந்த மாதிரி இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றினால் இரண்டின் காற்றும் இடையில் மோதி, மோதும் எல்லைக்கு இரு புறமும் அதிர்ச்சி அலை உண்டாகும். அந்த அலையைத் தாண்டித் தாண்டி அங்கும் இங்கும் எகிறும் எலக்ட்ரான்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் சேர்த்து, ஒளியின் வேகத்தை நெருங்கி, காந்தப்புலத்தில் சுருள் சுருளாகச் சுற்றும்போது ரேடியோ அலை விடுகின்றன. சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்பது இதுதான். பொருள் சூடாக இருப்பதால் வருவதல்ல என்பதால் வெப்பஞ்சாராக் கதிர்வீச்சு என்று பெயர்.

முதல் தவறைச் சீக்கிரம் முடித்துவிடலாம்: விண்மீன்கள் மோதிக்கொள்ளவில்லை, காற்றுதான் மோதுகிறது. இரண்டாவது தவறு, படம் வரையச் சொன்னால் எல்லோரும் மோதல் எல்லையைச் சரியாக நடுவில் போட்டுவிடுவது. எல்லை எங்கே நிற்கும் என்பதைக் காற்றின் உந்தம் தீர்மானிக்கிறது, அதாவது ஒரு நொடிக்கு வெளியேறும் பொருளின் அளவை வேகத்தால் பெருக்கிய எண். ஒன்றின் உந்தம் மற்றதைப் போல் 100 மடங்கு என்றால், தூரங்களின் விகிதம் அதன் வர்க்கமூலம், 10க்கு 1. இடைவெளியைப் 11 பங்காக வைத்தால் எல்லை பலவீனமான விண்மீனிலிருந்து ஒரே ஒரு பங்கு தூரத்தில். அன்னப்பறவை மண்டலத்திலுள்ள டபிள்யூ.ஆர். 147 என்ற வுல்ஃப்-ரேயே இரட்டையில் இதைக் கண்ணாலேயே காணலாம்: ரேடியோ படத்தில் வுல்ஃப்-ரேயே விண்மீனின் சூடான காற்று ஒரு புள்ளியாகவும், வடக்கே அரை ஆர்க் செகண்டுக்கு (ஒரு டிகிரியை 3,600ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) சற்று மேல் தள்ளி மோதல் பகுதி இன்னொரு புள்ளியாகவும் தெரியும், துணை விண்மீன் அதை ஒட்டி இன்னும் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. என் மேஜை ஃபேன் நின்ற இடம்.

இப்போது நானே விழுந்த குழிக்கு வருகிறேன். ரேடியோ வந்தாலே அது வெப்பஞ்சாராதது என்று எழுதிவிடக் கூடாது, ஏனென்றால் மோதல் எதுவும் இல்லாத தனி விண்மீனின் காற்றும் ரேடியோவில் மின்னும். அது சூடான ப்ளாஸ்மா, அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரான் பிரிந்து திரியும் வாயு. இரண்டையும் பிரிப்பது நிறமாலையின் சாய்வுதான், அதாவது அதிர்வெண் மாற மாறப் பிரகாசம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது. சூடான காற்றென்றால் அதிர்வெண்ணின் 0.6 அடுக்கில் ஏறும், அதாவது அதிர்வெண்ணை இரட்டித்தால் பிரகாசம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சிங்க்ரோட்ரான் என்றால் பெரும்பாலும் −0.5ஐ ஒட்டி இறங்கும், இரட்டித்தால் பத்தில் ஏழு பங்குதான் மிஞ்சும். ஆக, குறைந்தது இரண்டு அதிர்வெண் வேண்டும். இது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, ஒரு ஆண்டின் 5 கிகாஹெர்ட்ஸ் அளவீட்டையும் மூன்று ஆண்டு தள்ளிய 1.4 கிகாஹெர்ட்ஸ் அளவீட்டையும் பழைய தரவுத்தொகுப்பிலிருந்து எடுத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, அழகான ஒரு சாய்வு வந்ததும் பிள்ளைகளை அழைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாள்தான் உறைத்தது, அந்த மூன்று ஆண்டில் விண்மீன் தன் சுற்றுப்பாதையில் எங்கேயோ போயிருக்கிறது, நான் அளந்தது நிறமாலையை அல்ல, காலத்தை. டீக் காசு போனது போனதுதான்.

ஒரே நாளில், முடிந்தால் ஒரே மணிநேரத்தில், இரண்டு அதிர்வெண்ணிலும் எடுக்க வேண்டும். பார்வைக் கூர்மையும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குறைந்த அதிர்வெண்ணில் பக்கத்து வீட்டு விளக்கும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். "நம்ம ஊட்டி தொலைநோக்கியில பார்க்கலாமா சார்?" என்று ஒரு பையன் ஆசையாகக் கேட்டான். 530 மீட்டர் நீளம், மலைச்சரிவிலேயே சாய்த்துக் கட்டிய அருமையான கருவி, ஆனால் வேலை செய்வது 326.5 மெகாஹெர்ட்ஸ் ஒன்றில்தான், அதை மட்டும் வைத்துச் சாய்வு சொல்ல முடியாது. புனே பக்கத்திலுள்ள ஜி.எம்.ஆர்.டி., ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 தட்டுகள், இந்த வேலைக்குப் பொருத்தம். அன்னப்பறவை மண்டலத்தின் பெருவிண்மீன்களை 325, 610 மெகாஹெர்ட்ஸில் அதைக் கொண்டு பார்த்தும் இருக்கிறார்கள்.

சாய்வு 0 என்றோ 0.3 என்றோ வந்தால் புதுவகை இயற்பியல் என்று குதிக்க வேண்டாம். ஏறுவதும் இறங்குவதும் கலந்தால் அப்படித்தான் வரும். கலப்படத்தைக் கவனிக்காமல் மொத்தப் பிரகாசமும் சூடான காற்றுதான் என்று கொண்டு விண்மீன் இழக்கும் பொருளைக் கணக்கிட்டால் விடை பெரிதாகிவிடும், இந்தத் தவறு அச்சேறியும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட ஆழமாக ஏமாற்றுவது அடுத்தது. விண்மீன்கள் நெருங்கினால் மோதல் பலமாகும், அப்போது ரேடியோவும் உச்சத்தில் இருக்கும், கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? டபிள்யூ.ஆர். 140 என்ற இன்னொரு வுல்ஃப்-ரேயே இரட்டையைப் பாருங்கள். 7.93 ஆண்டுக்கு ஒரு சுற்று, பாதை நன்றாக நீண்ட நீள்வட்டம். மிக அருகில் வரும்போது இடைவெளி பூமி-சூரியன் தூரத்தைப் போல் ஒன்றரை மடங்கு, விலகி நிற்கும்போது 27 மடங்கு. ரேடியோ பல மடங்கு ஏறுவது நெருங்குவதற்கு ஒன்றிரண்டு ஆண்டு முன்னால். உண்மையில் நெருங்கும் நேரத்தில் அது சரிந்து கிடக்கும்.

காரணம் மூட்டம். மார்கழி, தை விடிகாலையில் கும்பகோணம் சாலையில் பனி இறங்கியிருக்கும்போது எதிரே வரும் பேருந்தின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. அதுபோல வுல்ஃப்-ரேயே விண்மீனின் காற்று, பூமி-சூரியன் தூரத்தைப் போல் பல மடங்கு தொலைவு வரை, சென்டிமீட்டர் அலைகளை விழுங்கிவிடுகிறது. மோதல் எல்லை அந்த மூட்டத்துக்குள் இறங்கிவிட்டால் வெளிச்சம் வெளியே வராது. இந்த உவமையையும் ஒரு எல்லைக்கு மேல் நம்பாதீர்கள். நம் ஊர்ப் பனியை நீண்ட அலை எளிதாகத் தாண்டும், ப்ளாஸ்மா மூட்டத்தில் நேர்மாறு, அதிர்வெண் குறையக் குறைய விழுங்குவது கூடும். போதாததற்கு, நெருக்கத்தில் விண்மீன் ஒளியே வேகமான எலக்ட்ரான்களின் ஆற்றலை உறிஞ்சிவிடும். குறைந்த அதிர்வெண்ணில் வெளிச்சம் மடங்கி விழுந்தால் அது மூட்டத்தாலா, அடர்ந்த ப்ளாஸ்மா சிங்க்ரோட்ரானை அமுக்கும் ராசின் விளைவாலா என்று உடனே தீர்ப்புச் சொல்வதும் தவறுதான், இரண்டு அதிர்வெண்ணை வைத்து அதைப் பிரிக்க முடியாது.

இதிலிருந்தே இன்னொன்று: வெப்பஞ்சாரா ரேடியோ தெரியவில்லை என்பதற்காக அங்கே வேகத் துகள்களே இல்லை என்று எழுதக் கூடாது. மாசி மாத இரவு ஒன்பது மணிவாக்கில் கோடியக்கரைக் கடற்கரையில் தெற்கே பார்த்து நில்லுங்கள். அகத்திய விண்மீன் தெரியும், காவிரியைக் கமண்டலத்தில் வைத்திருந்தவர், அவரை நம் ஊரில் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருக்கு இடதுபுறம், கொஞ்சம் உயரத்தில் இருப்பது காமா-2 வெலோரம். சுமார் 1,100 ஒளியாண்டு, நமக்கு மிக அருகிலுள்ள வுல்ஃப்-ரேயே விண்மீன், 78.5 நாளில் துணையோடு ஒரு சுற்று. ரேடியோவில் பார்த்தால் பெரும்பாலும் வெறும் சூடான காற்றாகத்தான் தெரியும், அவ்வளவு நெருக்கம், மூட்டத்துக்குள்ளேயே மோதல். ஆனால் அந்தத் திசையிலிருந்து காமா கதிர் வருவதை ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்திருக்கிறது. 2013இல் வெளியான பட்டியலில் துகள்களை முடுக்கும் இப்படிப்பட்ட அமைப்புகள் 43தான். அவ்வளவுதான் உண்டு என்றல்ல, அதுவரை அவ்வளவுதான் காட்டிக்கொடுத்திருந்தன என்று படியுங்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் சுற்றும் படம். 2022இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த, டபிள்யூ.ஆர். 140ஐச் சுற்றிக் கைரேகை போல அடுக்கடுக்கான வளையங்கள். அது ரேடியோ இல்லை, அகச்சிவப்பில் ஒளிரும் தூசு, ஒவ்வொரு நெருக்கத்தின்போதும் ஒரு வளையம். ரேடியோ மோதல் பகுதி அதைவிட எத்தனையோ சிறியது, 1999-2000இல் வி.எல்.பி.ஏ. தொலைநோக்கி வரிசை 23 முறை பார்த்தபோது அது சின்ன வில்லாகத் தெரிந்தது, விண்மீன்கள் சுற்றச் சுற்ற அந்த வில்லும் திரும்பியது. எக்ஸ் கதிரையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்: மோதலில் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடான வாயு விடும் எக்ஸ் கதிர் வெப்பக் கதிர்தான், பிறந்த இடம் ஒன்றாக இருந்தாலும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சமாச்சாரம். டபிள்யூ.ஆர். 140 கடைசியாக நெருங்கியது 2024 நவம்பரில், அடுத்தது 2032இல். அந்தத் தேதியைப் பார்த்து 2032க்குத் தொலைநோக்கி நேரம் கேட்டு ஒரு பிள்ளை விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தாள், எல்லாம் சரியாக எழுதியிருந்தாள். 2030, 2031 என்று மாற்றச் சொல்லி அனுப்பினேன்.