தறிச் சத்தத்துக்கு நடுவே படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு

சேலத்தை அடுத்த கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் பல வீடுகளில் விசைத்தறி ஓடும் சத்தத்திலேயே பிள்ளைகள் படிக்கிறார்கள். "நாங்க படிக்காதவங்க, என்னத்தச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று பெற்றோர் ஒதுங்கிவிட வேண்டாம். ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்கு அறிவியல்ல என்ன நடத்துனாங்க, எனக்குச் சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிறதா என்பது முக்கியமில்லை. வாய்விட்டு விளக்கும்போது எங்கே தடுமாறுகிறோம் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தை மறுபடி புரட்டினால் போதும். 'எத்தனை மார்க்?' என்று மட்டும் கேட்டால் இது நடக்காது.

அடுத்து, கூட்டாளிகள். தறி இல்லாத ஒரு வீட்டில் மூன்று நான்கு பேர் சாயங்காலம் ஒரு மணி நேரம் சேர்ந்து கணக்குப் போடட்டும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தரட்டும். சொல்லித் தருபவருக்கும் பாடம் நன்றாகப் பதியும். ஆள் கூடினால் அரட்டைதான். அதனால் செல்போன்களாவது அந்த வீட்டு அம்மாவிடம் இருக்கட்டும்.

பரீட்சை நேரத்தில் பிள்ளையைத் தறியில் நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. ஏற்காட்டு மலையில் தோட்ட வேலைக்குப் போகும் வீடுகளிலும் இதே சிக்கல்தான்; காபிப் பழம் பறிப்பும் அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில் ஒன்றாக வரும். அந்த வாரங்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பக்கத்து வீட்டாரோடு பேசி, மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.